ஈறு கெடாமற் காத்தல்

(நம் சங்கத்தின் கள்ளக்குறிச்சி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடையெலும்பிற் பதிக்கப்பெறும் செயற்கைப் பல் எப்பொருளால் ஆயது, அப்பொருள் நம் ஈற்றின் நலத்திற்கு எவ்வாறு துணையாகின்றது, எவ்வாறு பகையாகின்றது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாம். தமிழாசிரியனுக்குப் பல் வைத்தியத்தில் என்ன உரிமை என்று நீவிர் வினவலாம். யாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் எழுத்துக்கள் பிறத்தற்குரிய உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியனார் எண்ணியிருக்கின்றார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தப் பிறப்பன. முன்பல் இழந்த முதியோர் 'தம்பி' என்று அழைக்கும்பொழுது அச்சொல்லின் முதலெழுத்துத் தளர்ந்து ஒலித்தலை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். ஆதலின் பல்லைப்பற்றிப் பேசுதல் அயலார் நிலத்திற் புகுதலாகாது. நூல்களிற் கற்றவற்றையும், பல் வைத்தியர்களைக் கேட்டறிந்தவற்றையும் தொகுத்துரைப்பதே எம் கடன்.

இதனை இன்று பேசுதற்குத் தக்க காரணமும் உண்டு. சில ஆண்டுகளாக நம் ஊர்களிலும், சேலம், விழுப்புரம், புதுச்சேரி முதலிய நகரங்களிலும் 'இம்பிளாண்ட்' என்னும் சொல் விளம்பரப் பலகைகளில் மிகுந்துவிட்டது. கரும்பு வெட்டிய பணத்தைக்கொண்டும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக்கொண்டும் நம்மவர் பலர் அவ்வைத்தியத்தைச் செய்துகொள்கின்றனர். ஒரு பல்லுக்கே பல்லாயிரம் ரூபாய் செலவாகின்றது. அவ்வளவு பொருளைச் செலவிடுவோர் பெரும்பாலும் கேட்கும் வினா ஒன்றே: "எந்தப் பொருள் உயர்ந்தது?" விலையுயர்ந்த பொருளை வைத்துவிட்டால் ஈறு ஒருபொழுதும் கெடாது என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கை பாதி மெய், பாதி பொய். அவ்விரு பாதிகளையும் பிரித்துக் காட்டுதலே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதற்கண் இம்பிளாண்ட் என்பது யாதென்பதைத் தெளிவோம். பேச்சின் எளிமை கருதி அதனைப் 'பதிபல்' என வழங்குவோம். அஃது மூன்று பகுதிகளை உடையது. எலும்பினுள் வேர்போல் நிற்கும் திருகு முதலாவது. அத்திருகின்மேல் நின்று ஈற்றை ஊடுருவி வரும் கழுத்து இரண்டாவது. வாயில் வெளிப்படத் தோன்றும் மேற்பல், அதாவது 'கேப்', மூன்றாவது. எலும்பில் நிற்பது முதற்பகுதி. கடிப்பது மூன்றாம் பகுதி. ஆனால் பதிபல்லின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது, கண்ணுக்குப் புலனாகாத அந்தக் கழுத்தும் ஈறும் கூடுமிடமேயாம்.

ஈறு என்னுஞ் சொல்லுக்குப் பல்லைச் சூழ்ந்த தசை என்றும், முடிவு என்றும் இரு பொருள் உண்டு. இலக்கணத்தில் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்திற்றான் புணர்ச்சி நிகழ்கின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் யாவும் அவ்விடத்திலேயே உண்டாகின்றன. வாயிலும் அப்படியே. இயற்கைப் பல்லும் ஈறும் கூடுவது இயல்புப் புணர்ச்சி. பதிபல்லும் ஈறும் கூடுவதோ வேற்றுப்பொருள் ஒன்று வந்து கூடும் புணர்ச்சி. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறியாதார்க்குப் பதிபல்லின் நோய் விளங்காது.

அவ்வேற்றுமை யாதெனின், கூறுவாம். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி நார்த்தசை ஒன்று உண்டு. அதன் நார்கள் ஒருபுறம் வேரிலும் மறுபுறம் எலும்பிலும் புதைந்து, பல்லை ஊஞ்சற்கயிறுபோல் தாங்குகின்றன. ஈற்றின் நார்களும் வேரின் மேற்பரப்பில் குறுக்காகப் புகுந்து வேரூன்றியுள்ளன. அந்நார்த்தசையின் வழியே இரத்தமும் மிகுதியாக வந்து ஈற்றைக் காக்கின்றது. பதிபல்லைச் சுற்றி அந்நார்த்தசை இல்லை. ஈற்றின் நார்கள் கழுத்தினுட் புகாமல், அதனைச் சுற்றியும் அதற்கு இணையாகவும் ஓடுகின்றன. இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே கிருமிகள் இயற்கைப் பல்லின் ஓரத்தில் இறங்குவதினும் பதிபல்லின் ஓரத்தில் விரைந்து, ஆழமாக இறங்குகின்றன.

நம் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றமை நீவிர் அறிந்ததே. அச்சிற்பிகள் செதுக்கிய கதவு நிலை எத்துணை அழகியதாயினும், நிலையும் சுவரும் சேருமிடத்திற் சந்து விட்டுவிட்டாற் கறையான் அவ்வழியே ஏறும். அது தேக்காயினும் வேம்பாயினும் சந்தை அடைத்தலே முதற்காவல். பதிபல்லின் கழுத்தும் அத்தகையதே.

இனிப் பொருள்களின் வரலாற்றைச் சிறிது காண்போம். பல்லிழந்த இடத்தில் வேறு பொருளைப் பதிக்கும் முயற்சி மிகப் பழையது. நடு அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-ஆம் ஆண்டிற் கிடைத்த பழங்காலத் தாடையொன்றில், கடற்சிப்பியின் ஓட்டைப் பல்வடிவாகச் செதுக்கிப் பதித்திருந்தனர். பிற்காலத்திற் பொன்னையும், பிளாட்டினங் கலந்த உலோகத்தையும், கோபால்ட்டும் குரோமியமுங் கலந்த உலோகத்தையும் வைத்தியர்கள் முயன்று பார்த்தனர். நிலைத்த பயன் தந்தது டைட்டானியம்.

சுவீடன் நாட்டினராகிய பெர் இங்வார் பிரோனமார்க் என்பார் 1952-ஆம் ஆண்டளவில் முயலின் காலெலும்பில் டைட்டானியத்தாலாய சிறு கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்தபின் அக்கருவியைக் கழற்ற இயலவில்லை. எலும்பு அதனோடு ஒன்றி வளர்ந்திருந்தது. அதனைத் தடையென்று ஒதுக்காது, அதனுட் பொதிந்த பயனை அவர் கண்டார். 1965-ஆம் ஆண்டில் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதல் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006-ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நாற்பதாண்டுகட்கு மேலாக, அவை அவர்க்குப் பயன்பட்டன.

இவ்வுலோகம் மேனாட்டிலேயே விளைவதெனக் கருதற்க. நம் ஊர்ப்பெயரைப்போலவே 'குறிச்சி' என்பதை ஈறாகக் கொண்ட மணவாளக்குறிச்சி என்னும் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது. அங்குள்ள கருமணலில் டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட்டும், சிர்க்கோனியத்தின் தாதுவாகிய சிர்க்கானும் ஒருங்கே கிடைக்கின்றன. பதிபல்லுக்கு இன்று பயன்படும் இருபெரும் பொருள்களின் மூலமும் தமிழகத்தின் ஒரே மணற்பரப்பில் உள்ளன என்பது வியப்புக்குரியதன்றோ?

அவ்விரண்டினுள் டைட்டானியம் உலோகம். சிர்க்கோனியா என்பது சிர்க்கோனியமும் உயிர்வளியுங் கூடிய வெண்ணிறப் பீங்கான் போன்ற பொருள். இவை ஈற்றோடு எவ்வாறு பழகுகின்றன என்பதைத் தனித்தனியே காண்போம்.

டைட்டானியம் காற்றுப்பட்டவுடன் தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்துக்கொள்கின்றது. அப்படலமே துருவைத் தடுத்து, உடம்பு அதனைப் பகையென்று கருதாவண்ணம் காக்கின்றது. கீறல் பட்டாலும் அப்படலம் மீண்டும் தோன்றுகின்றது. ஈற்றின் மேற்றோல் அதனோடு நன்கு ஒட்டுகின்றது. குறைகள் இரண்டு. ஈறு மிக மெல்லியதாய், ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பின், முன்பற்களின் ஓரத்தில் உலோகத்தின் சாம்பல்நிறம் நிழலாடும். மேலும், புளிப்புமிக்க ஃபுளூரைடுக் குழம்புகள் அப்படலத்தை அரிக்க வல்லவை. ஆதலின் அத்தகைய மருந்தைத் தடவுவார்க்குப் பதிபல் இருத்தலை முன்னரே அறிவித்தல் வேண்டும். நாள்தோறும் பயன்படுத்தும் பற்பசையைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. நோயுற்ற ஈற்றில் டைட்டானியத் துகள்கள் காணப்பட்டமை மெய்யே. அத்துகள்களே நோய்க்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

சிர்க்கோனியா வெண்மையானது, ஆதலின் மெல்லிய ஈற்றின்கீழ் நிறம் மாறித் தோன்றாது. ஈறு அதனோடும் நன்கு ஒட்டுகின்றது. அதன்மேற் கிருமிப்படலம் சற்றுக் குறைவாகப் படிவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் நோயாளிகளை ஆண்டுக்கணக்கிற் பார்த்துவந்த இடங்களில், ஈற்றின் நலத்தில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. அன்றியும், டைட்டானியத்திற்கு அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. சிர்க்கோனியாவுக்கு அத்துணை நீண்ட சான்று இன்னும் இல்லை.

பொன்னின் செய்தி நம்மவர் கருத்துக்கு மாறானது. பொன் எவ்விடத்தும் சிறந்ததென்று எண்ணுவது நம் வழக்கம். 1998-ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் நாய்களின் வாயில் நடத்திய சோதனையில், டைட்டானியக் கழுத்திலும் பீங்கான் கழுத்திலும் ஈறு நன்கு பற்றியது. பொற்கலவைக் கழுத்திலோ ஈறு பற்றாது கீழிறங்கியது. பின்னர் மக்களிடத்து நடந்த ஆய்வுகளில் அவ்வேற்றுமை அத்துணைத் தெளிவாகத் தோன்றவில்லை. எனினும் விலையும் ஈற்றின் நலமும் ஒன்றையொன்று தொடர்வன அல்ல என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாம்.

மலிவான மேற்பற்களிற் சில நிக்கல் கலந்த உலோகத்தாற் செய்யப்படுகின்றன. நிக்கல் ஒவ்வாத உடம்பினர்க்கு அப்பல்லின் ஓரத்தில் ஈறு சிவந்து வீங்கும். தாய்மார்களே! கவரிங் தோடு அணிந்தவுடன் காதில் அரிப்போ புண்ணோ உண்டாகும் இயல்பினர் உங்களுள் இருப்பின், பல் கட்டுமுன் அதனை வைத்தியரிடம் தவறாது சொல்லுங்கள். அச்சிறு செய்தி பெருந்துன்பத்தைத் தவிர்க்கும்.

பொருளின் பெயரினும் அதன் மேற்பரப்பே ஈற்றுக்கு முதன்மையானது. எலும்பினுள் நிற்கும் திருகு சற்றுச் சொரசொரப்பாய் இருத்தல் நன்று. எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளும். ஈற்றை ஊடுருவும் கழுத்தோ வழவழப்பாய் இருத்தல் வேண்டும். சொரசொரப்பாயின் கிருமிப்படலம் அதிற் குடியேறும். கரடு 0.2 மைக்ரான் அளவிற்குக் குறைந்துவிட்டால், அதற்குமேல் எத்துணை மெருகிட்டாலும் கிருமி மேலும் குறைவதில்லை என்று ஆராய்ந்து கண்டனர். மைக்ரானென்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றியும், மேற்பல்லை ஒட்டும் பசை ஈற்றினுள் வழிந்து தங்கிவிடின், அதுவும் முள்போல் நின்று ஈற்றை அழற்றும். டைட்டானியமோ சிர்க்கோனியாவோ, தங்கிய பசையை எப்பொருளும் பொறுப்பதில்லை.

இதுகாறும் கூறியது அந்நம்பிக்கையின் மெய்ப்பாதி. இனிப் பொய்ப்பாதியைக் கூறுவாம்.

எப்பொருளாயினும் துலக்காத வாயில் ஈறு கெடும். டெர்க்ஸ், தோமாசி என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, பதிபல் உடையோர் நூற்றுவருள் ஏறக்குறைய 43 பேர்க்குப் பதிபல்லைச் சூழ்ந்த ஈறு அழற்சியுற்றிருந்தது. 22 பேர்க்கு அழற்சி எலும்புவரை சென்று எலும்பையே கரைத்திருந்தது. முதல்நிலை துலக்குதலாலும் வைத்தியர் தூய்மை செய்தலாலும் மீளக்கூடியது. இரண்டாம்நிலையிற் கரைந்த எலும்பு எளிதில் மீள்வதில்லை. 2017-ஆம் ஆண்டு சிகாகோவிற் கூடிய உலகப் பல் வல்லுநர், இந்நோய்க்கு வழிகோலுவனவாக மூன்றினை வற்புறுத்தினர்: முன்னரே ஈற்றுநோய் இருந்தமை, படலத்தை நன்கு அகற்றாமை, வைத்தியரிடம் தொடர்ந்து சென்று காட்டாமை. பொருள்வேற்றுமை அம்மூன்றனுள் ஒன்றாக வைக்கப்படவில்லை என்பதை உற்றுநோக்குங்கள். புகைபிடித்தலும் அடங்காத சர்க்கரை நோயும் இத்துன்பத்திற்குத் துணைநிற்பன.

நம் உறவினருள் முதியவர் ஒருவர் பெருநகரொன்றில் நான்கு பதிபற்கள் வைத்துக்கொண்டார். பணங்கொடுத்துப் பல் பெற்றதோடு அனைத்தும் முடிந்ததென்று எண்ணி ஊர் திரும்பினார். மீண்டும் வந்து காட்டுக என்று அவர்க்கு எவரும் அறிவுறுத்தவில்லை. மூன்றாண்டுகள் கழிந்தபின் ஈற்றிற் குருதி கசிந்தது, நாற்றம் எழுந்தது. வலி இல்லாமையால் மேலும் சில திங்கள் வாளாவிருந்தார். பிறகு வேறொரு வைத்தியரிடம் சென்றபோது, "எந்த நிறுவனத்தின் திருகு?" என்று அவர் கேட்டார். முதியவரிடம் சிறு சீட்டும் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் தனித்தனிச் சாவி உண்டாதலின், மேற்பல்லைக் கழற்றித் தூய்மை செய்தலே பெரும்பாடாயிற்று. இரு பற்களை எடுக்க நேர்ந்தது. அவர் வாயில் வைத்த உலோகம் உயர்ந்ததே; அவர்க்குச் சொல்லப்படாத சொல்லே அவரைக் கெடுத்தது.

இலக்கணம் பயிலும் எம் மாணாக்கர்க்கு 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று கற்பிக்கின்றோம். ஓடாக் குதிரை, பாடாக் குயில் என ஈறு கெட்டபின்னும் சொல் பொருள்தந்து நிற்கும். வாயில் ஈறு கெட்டாலோ, மெல்லாப் பல் ஒன்றே எஞ்சும்.

நம் ஊர் வழக்கங்களுள்ளும் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெல்லரைவை ஆலைகள் மலிந்த நம் பக்கத்தில் உமிக்கரியாற் பல் துலக்குவோர் இன்னும் உளர். உமியில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. அஃது இயற்கைப் பல்லையே தேய்ப்பது. பதிபல்லின் வழவழப்பான கழுத்தைக் கீறிக் கிருமிக்கு இடமளிக்கும். செங்கற்பொடியும் சாம்பலும் அத்தகையனவே. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியென நம் முன்னோர் கூறியது நல்லறிவே. எனினும் பதிபல்லின் கழுத்தோரம் குச்சி சென்றெட்டாது. மென்மையான தூரிகையும், பல்லிடுக்கிற் செல்லும் சிறு தூரிகையும் வேண்டும். கல்வராயன் மலையிற் கிடைக்கும் கடுக்காயை ஊறவைத்த நீராற் கொப்பளித்தல் நம் நாட்டு வைத்திய முறை. துவர்ப்பு ஈற்றுக்கு இதமளிக்கலாம். ஆனால் ஒட்டிய படலத்தை நீர் அகற்றாது, தூரிகையே அகற்றும். வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் பாக்கும் காறை படிய வழிசெய்வன. புகையிலையின் கேட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வைத்தியரிடம் தூய்மை செய்துகொள்ளும்போதும் ஒன்று அறிக. இயற்கைப் பல்லின் காறையைச் சுரண்டும் எஃகுக் கருவி டைட்டானியக் கழுத்தைக் கீறும். அதற்கெனப் பிளாஸ்டிக், கார்பன் நார், டைட்டானியம் ஆகியவற்றாலாய கருவிகள் உள்ளன. "இது பதிபல்" என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடல் நலம்.

மலைமேல் வாழ்வார் நிலையையும் நினைத்தல் வேண்டும். வெள்ளிமலையிலிருந்தும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்தும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருதல் ஒருநாட் கூலியை இழக்கும் செயலாம். ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து காட்ட இயலாதவர்க்குப் பதிபல்லினும், கழற்றித் துலக்கத்தகும் 'பல்செட்டே' நலம் பயக்கலாம். அதைச் சொல்ல வைத்தியரும் நாணவேண்டுவதில்லை. கேட்க நாமும் நாணவேண்டுவதில்லை. இருக்கும் பல்லை ஈற்றுநோயினின்று காத்தல் இவ்விரண்டினும் மேலானது; செலவும் சிறிது.

ஆதலின் பதிபல் வைக்க எண்ணுவோர் வைத்தியரை ஐந்து வினாக்கள் வினவுக. எம் ஈற்றில் இப்பொழுது நோய் உளதா, அதனை முதலில் தீர்ப்பீரா? திருகும் கழுத்தும் மேற்பல்லும் எப்பொருளாலானவை? மேற்பல் திருகப்படுமா, பசையால் ஒட்டப்படுமா? எத்துணைத் திங்களுக்கு ஒருமுறை யாம் வரவேண்டும், அதற்குச் செலவென்ன? நிறுவனத்தின் பெயரும் திருகின் அளவும் குறித்த சீட்டைத் தருவீரா? இவ்வைந்திற்கும் பொறுமையோடு விடையளிப்பவரே தக்க வைத்தியர்.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். 2019-ஆம் ஆண்டு நவம்பரிற் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-ஆம் ஆண்டு சனவரியில் இங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. சிதம்பரத்திற் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தின்வழிச் சர்க்கரை நோய்க்கு வீட்டிற்கே மருந்து வருகின்றது. சர்க்கரையும் ஈற்றுநோயும் ஒன்றையொன்று வளர்ப்பன. ஆதலின் அம்மருந்தைப் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் ஈற்றையும் காட்டிக்கொள்ளுதல் வேண்டும். நம் ஆண்டுவிழாவில் ஒருநாளைப் பல், ஈறு சோதிக்கும் நாளாக வைத்து, பல் வைத்தியர்களை அழைப்போமாக. அதனை நம் மரபினர்க்கு மட்டும் என்று வரையறுத்தல் அழகன்று. கல்வராயன் மலையினின்று நம் சந்தைக்கு இறங்கிவந்து, புளியும் தேனும் கடுக்காயும் நமக்குத் தரும் மலையாளி மக்களும் அந்நாளில் நம் பந்தலில் வந்தமர வேண்டும். ஈறு எல்லார்க்கும் ஒன்றே.

பொருளை ஆராய்ந்து தேர்க; தேர்ந்தபின் நாள்தோறும் காக்க. இதுவே யாம் கூறவந்தது.  உங்கள் இல்லத்து முதியோரும் சிறாரும் தகரமும் நகரமும் தெளிவுற ஒலிக்க நீடு வாழ்க!